பத்து சதவீதம் போதுமா?

நீலகிரிப் பக்கம் ஓடும் மாயாற்றில் கோடையில் சராசரி நீரோட்டத்தில் பத்து சதவீதம் ஓடினாலே மீன்களுக்குப் போதும் என்கிறது அந்த ஆற்றைப் பற்றிய ஒரு கட்டுரை. ஏற்க முடியவில்லை. டெனன்ட் என்ற அமெரிக்க மீன்வள ஆய்வாளர் 1976-இல் அமெரிக்க ஆறுகளை வைத்துச் சொன்ன கணக்கு அது. அவரே அதைக் குறுகிய காலம் உயிர் பிழைப்பதற்கான அளவாகத்தான் வைத்தார்.

மாயாற்றில் மின்நிலையம் தண்ணீர் திறப்பதைப் பொறுத்து நீர் ஏறி இறங்கும். அன்றைய சராசரி சரியாக இருந்தும், சில மணி நேரம் நீர் இறங்கினால் கரையோரக் குஞ்சுகள் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். முதலில் வெளியே தெரிவது கற்கள் நிறைந்த ஆழமற்ற ஓட்டப் பகுதிகள். மீன்கள் தின்னும் பூச்சிப் புழுக்கள் அங்கேதான் அதிகம். பெரிய மீன் ஆழமான மடுவில் தங்கிவிடும், ஆனால் அடுத்த மடுவுக்குப் போக வழி இருக்காது. (வெடி வைத்து மீன் பிடிப்பவர்களுக்கும் அப்போதுதான் வசதி.)

ஆகவே ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம், வேகம், அடித்தரை மூன்றையும் அளந்து, குஞ்சுக்கும் வளர்ந்த மீனுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மடுக்களில் ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்கட்டும், அப்போதுதான் அது மிகக் குறைவு. காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மாசீர் மீன் 2018-இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்றான மாயாற்றை ஒரு சதவீதக் கணக்கை நம்பி விடக் கூடாது.