லிலியன் கிஷ்ஷைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த மௌனப்படத் திரையிடலில், நடிகை லிலியன் கிஷ் ஆற்றுப் பனிக்கட்டியின் மேல் கிடக்கும் காட்சியை மிகை நடிப்பு என்று சொல்லிப் பலர் சிரித்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பனிக்கட்டிக் காட்சியோடு சிரிப்பொலியைச் சேர்த்துச் சிலர் துணுக்காகப் பரப்பி வருவதையும், ‘பேச்சு வந்த பிறகுதான் சினிமாவுக்கு நடிப்பு வந்தது’ என்று மேடையில் சொன்ன சிறப்பு விருந்தினருக்கு அரங்கமே கைதட்டியதையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அக்காலத்துக் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். ஒரு சுற்றுக்கு எட்டுச் சட்டகம், அதாவது எட்டுத் தனிப்படங்கள், பதியும்; நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 சட்டகம். ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி இது கூடும், குறையும். ஒலி வந்த பிறகே நொடிக்கு 24 என்ற நிலையான வேகம் ஏற்பட்டது. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் அசைவெல்லாம் ஒன்றரை மடங்கு விரைவாகும். இன்று நீங்கள் கொண்டாடும் எந்த நடிகரின் அழுகைக் காட்சியையும் அந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், அவரும் கோமாளியாகத்தான் தெரிவார். ஞாயிறன்று ஓடியது வேகம் திருத்தப்படாத பிரதி. ஆற்றுநீர் ஓடியதைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்; பார்க்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

‘முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று பெரும்பாலும் பயன்பட்ட படச்சுருளில் சிவப்பு நிறம் பதியாது. சிவந்த உதடும் கன்னமும் கறுத்துவிடும், நீலக் கண்கள் வெளிறிப்போகும். அதற்காகத்தான் அந்த ஒப்பனை. இதுவும் தொழில்நுட்பம்தான் ஐயா.

நீங்கள் சிரித்த அந்தக் காட்சிக்கு வருகிறேன். 1920-இல் கிரிஃபித் இயக்கிய ‘வே டவுன் ஈஸ்ட்’. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், உண்மையான குளிர்காலத்தில், உண்மையான ஆற்றில் மிதந்த பனிப்பாளத்தின் மேல் லிலியன் கிஷ் படுத்திருக்கிறார். அவருடைய ஒரு கையும் கூந்தலும் உறைநீரில் தோய்ந்து கிடக்கின்றன. அப்படிக் கிடக்கட்டும் என்பது அவரே சொன்ன யோசனை. அந்தக் கையில் ஏற்பட்ட வலி பல ஆண்டுகள் கழித்தும் அவரை விடவில்லை. அந்தக் காட்சியில் அவர் முகத்தைக்கூட அசைப்பதில்லை. மயங்கிக் கிடக்கும் ஒரு பெண்ணாகக் கிடக்கிறார், அவ்வளவுதான். இதில் மிகை எங்கே இருக்கிறது? குரல் இல்லாததால் பிழைத்தவர் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1987-இல், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும், அவர் பேசும் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார்.

என் அத்தைக்குச் சிறுவயதிலேயே காது கேட்காமல் போய்விட்டது. வீட்டில் படம் ஓடும்போதெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சைகையில் கதை சொல்ல வேண்டும். சொல்பவருக்குச் சலிப்பு வந்துவிடும், அத்தையும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஒருநாள் இயக்குநர் முர்னாவின் ‘தி லாஸ்ட் லாஃப்’ படத்தைப் போட்டேன். 1924-இல் வந்த ஜெர்மானியப் படம். காட்சிகளுக்கு இடையே கதை சொல்லும் எழுத்தட்டைகள் ஏறக்குறைய இல்லை. ஓட்டல் வாயிற்காவலராக எமில் ஜானிங்ஸ். சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டதும் அவருடைய முதுகு வளைந்து, தோள்கள் முன்னால் சரிகின்றன. அத்தை என் கையைத் தட்டி, தன் தோளைத் தொட்டுக் காட்டி, ‘வேலை போய்விட்டது’ என்று எனக்குச் சைகை செய்தார். அன்று படத்தின் கதையைச் சொன்னவர் அவர், கேட்டவன் நான். அந்த நடிப்பைத்தான் ‘பேச்சு வருவதற்கு முந்தைய கையாட்டல்’ என்கிறீர்கள்.

‘அக்காலத்தில் மிகை நடிப்பே இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருந்தது, எல்லாக் காலத்திலும் இருக்கிறது. மேற்கொண்டு இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ‘ரசிகன் சிரிப்பது அவன் உரிமை’ என்பீர்கள். உரிமைதான். ஆனால் பழுதான பிரதியைக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பையே சான்றாக வைத்துத் தீர்ப்பு எழுதும் உரிமையை யார் தந்தது? ‘உனக்கு மட்டும்தான் சினிமா தெரியுமா’ என்று கேட்டவர் என் நெடுநாள் நண்பர். தெரிந்தவன் என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை, நண்பரே. மதித்துப் பாருங்கள் என்று கேட்டதற்கு இந்தப் பெயரா?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் மௌனக் கதைப்படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அடியோடு அழிந்துவிட்டன. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப்படத்தில் ஒரு சுருள்கூட நமக்கு மிஞ்சவில்லை. அதில் யார் எப்படி நடித்தார்கள் என்று இனி எவரும் பார்க்க முடியாது. மிஞ்சியிருக்கும் சிலவற்றையும் இப்படிச் சீரழித்துக் காட்டினால் எனக்குக் கோபம் வராதா?

அடுத்த மாதம் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். வீட்டின் முன்சுவர் முழுவதும் சரிந்து விழ, திறந்திருந்த மாடி ஜன்னலின் இடைவெளியில் அந்த மனிதர் அசையாமல் நிற்பார். சில அங்குலம் தவறியிருந்தால் உயிர் போயிருக்கும். அங்கே சிரியுங்கள், அவர் அதற்காகத்தான் நின்றார். ஆனால் பிரதியின் வேகத்தை முன்கூட்டியே சரிபார்த்துவிட்டுத் திரையிடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அந்தப் படத்தைத் திரையிடாதீர்கள்.