திருத்தம்: டங்ஸ்டனுக்குச் சோடாக் கண்ணாடி சரிவராது

தம்பி, "எந்தக் கண்ணாடிக் குழாய் எண்டாலும் சரி, மல்டிமீற்றரில் ஓம் (மின்தடை) காட்டினால் நுண்மின்வாய் ரெடி" எண்டு மேலே எழுதியிருக்கிறீர். நுண்மின்வாய் எண்டால் நரம்புக் கலங்களின் மின்குறியை எடுக்க, நுனியை மட்டும் வெளியில் விட்டு மிச்சத்தைக் கண்ணாடியால் மூடிய மெல்லிய டங்ஸ்டன் கம்பி. நீர் சொன்ன இரண்டும் பிழை.

டங்ஸ்டன் ஒரு பாகை சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 4.5 பங்கு விரியும்; சாதாரண சோடாக் கண்ணாடி ஏறக்குறைய 9 பங்கு. ஆறும்போது கண்ணாடி கூடச் சுருங்கி, கம்பியைச் சுற்றி முடி மாதிரி வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது, உப்புநீர் உள்ளே போய்விடும். போரோசிலிக்கேற் கண்ணாடி 3.3 பங்குதான் விரியும்; மெல்லிய படலமாக இருந்தால் தாங்கும். சோடாக் கண்ணாடி பிளாட்டினத்துக்குத்தான் பொருந்தும்.

மல்டிமீற்றர் நேர்மின்னோட்டம் விடுவதால் நுனியில் மின்னூட்டம் சேர்ந்து (முனைவாக்கம்) எண் ஓடிக்கொண்டே இருக்கும். உப்புநீரில் 1 கிலோஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தில் மின்மறுப்பு (ஆடலோட்டத்துக்கு வரும் தடை) பாருங்கள். முனையில் 10 மைக்ரோன் அளவு உலோகம் வெளியில் நிண்டால் பெரும்பாலும் ஒரு மெகாஓம் அக்கம்பக்கம் வரும். மிகக் குறைவாக வந்தால் வெடிப்பைச் சந்தேகியுங்கள். அதைப் பிடிக்க, மின்வாயை எதிர்முனையாக்கி இரண்டு மூன்று வோல்ட் கொடுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: குமிழி நுனியில் மட்டும் வரவேணும், தண்டில் வந்தால் எறியுங்கள். நேர்முனையில் மாட்டிவிடாதேங்கோ, நுனியே கரைந்து போகும்.

இன்னொண்டு: நுனி கூராக அரித்தெடுத்த கம்பியைக், கண்ணாடி மூட முந்தி, கிணற்றுத் தண்ணியில் கழுவ வேண்டாம். எங்கட சுண்ணாம்புத் தண்ணி காய்ந்தால் நுனியில் வெள்ளைப்படிவு நிக்கும், அதுக்குமேல் கண்ணாடி ஒட்டாது. காய்ச்சி வடித்த நீர்தான்.