டாக்ஸ் மாறினா சைல்ட் சப்போர்ட் தானா மாறாது

ஒரு அண்ணை எழுதியிருக்கிறார், கனடாவில ஒவ்வொரு ஜனவரியும் டாக்ஸ் மாறேக்க சைல்ட் சப்போர்ட்டும் (பிரிஞ்சு போன தாய் தகப்பன்ல ஒருத்தர் பிள்ளைக்காகக் கட்டுற காசு) தானா மாறுமாம், பழைய தொகையைக் கட்டத் தேவையில்லையாம். இதை நம்பி ஒருத்தரும் குறைச்சுக் கட்டாதேங்கோ. ஒன்ராறியோவில கோர்ட் ஓடர்ல என்ன தொகை இருக்கோ அதைத்தான் எஃப்ஆர்ஓ (இந்தக் காசை அறவிடுற ஒன்ராறியோ அரசாங்க அலுவலகம்) அறவிடும், குறைச்சது நிலுவையா ஏறிக்கொண்டே போகும்.

பிள்ளைக்கான தொகையைப் பாக்கிறது டாக்ஸ் கழிக்க முந்தின வருமானத்தில, டாக்ஸ் ரிட்டர்ன்ல 15000 எண்ட லைன்ல இருந்துதான் தொடங்கிறது. டாக்ஸின்ர தாக்கம் ஃபெடரல் டேபிளுக்குள்ளயே (எந்த வருமானத்துக்கு எவ்வளவு கட்ட வேணுமெண்டு காட்டுற அட்டவணை) கணக்குப் போட்டிருக்கு, அந்த டேபிளும் வருசாவருசம் மாறாது, 2017 நவம்பருக்குப் பிறகு 2025 ஒக்டோபர் 1லதான் மாத்தினவை. அப்பிடி மாறினாலும் பழைய ஓடர் அப்பிடியே நிக்கும், நீங்கள்தான் மாத்தச் சொல்லிக் கேக்க வேணும். வருசாவருசம் உண்மையில மாறுறது உங்கட சம்பளம், அதுக்குத்தான் நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ட் (ரிட்டர்னைப் பாத்திட்டு டாக்ஸ்காரர் அனுப்புற கடிதம்) கேக்கிறது.

ஸ்பௌசல் சப்போர்ட் (பிரிஞ்ச கணவன் மனைவியில ஒருத்தர் மற்றவருக்குக் கட்டுற காசு) கதை வேற, அண்ணை ரெண்டையும் குழப்பிப்போட்டார் எண்டு நினைக்கிறன். பிள்ளையளுக்கும் சப்போர்ட் போற குடும்பமெண்டா ஸ்பௌசலைக் கணக்குப் பாக்கிற ஃபோர்முலா, டாக்ஸ் எல்லாம் போய் ரெண்டு பேரின்ர கையிலயும் மிஞ்சுற காசைப் பாக்கிறது, அதால 2025 ஜூலையில ஃபெடரல் டாக்ஸின்ர ஆகக் குறைஞ்ச வீதம் 15இல இருந்து 14 வீதமானது மாதிரி ஏதும் நடந்தா புதுசாக் கணக்குப் பாக்கேக்க தொகை கொஞ்சம் ஆடும். பிள்ளைக்கு சப்போர்ட் போகாட்டி மொத்த வருமானத்திலதான் கணக்கு. மாசாமாசம் கட்டுற ஸ்பௌசலை, ஓடரோ எழுத்தில ஒப்பந்தமோ இருந்தா, கட்டுறவர் டாக்ஸ்ல கழிக்கலாம், வாங்கிறவர் வருமானமாக் காட்ட வேணும். 1997 மே 1 தொடக்கம் வந்த சைல்ட் சப்போர்ட் ஓடருக்கு இது ரெண்டும் கிடையாது.