மனநோய் பற்றிய புத்தகம் வாங்கும் முன் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்?

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் எந்தப் புத்தகக் கடையில் வேண்டுமானாலும் ‘சைக்காலஜி’ அலமாரி முன் நின்று பாருங்கள். ஆழ்மனதின் சக்தி, உடல்மொழியை வைத்து ஆளை எடைபோடுவது, ஃபிராய்டின் கனவு ஆராய்ச்சி, பழக்கங்களை மாற்றும் வழி, இவற்றுக்கு நடுவில் எங்கேயோ மனச்சோர்வு பற்றி ஒரே ஒரு புத்தகம். எல்லாம் ஒரே வரிசையில்தான் இருக்கும். தம்பிக்கோ மகளுக்கோ மனநோய் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் அந்த அலமாரிக்கு வருகிறவர், தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். எண்ணத்தை மாற்றினால் எல்லாம் மாறும் என்கிறது அது. படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் இதைக் கொடுத்தால், எழ முடியாமல் போனதும் அவர் தப்பு என்றாகிவிடுகிறது. இது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம்.

நோய்க்காக வாங்கும் புத்தகத்தை அட்டையையோ விற்பனையையோ நட்சத்திர மதிப்பையோ பார்த்து வாங்காதீர்கள். நாலைந்து பக்கங்களைத் திறந்து படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் பதிப்பு விவரம் உள்ள பக்கம். தமிழ்ப் புத்தகங்களில் ‘முதல் பதிப்பு 1996, ஏழாம் பதிப்பு 2022’ என்று போட்டிருப்பார்கள். 2022ஐப் பார்த்துப் புதுசு என்று நினைத்துவிடக் கூடாது. ‘திருத்திய பதிப்பு’ என்று இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பழைய பக்கங்களையே மறுபடி அச்சடித்ததுதான். இதை ஏன் பார்க்க வேண்டும்? நோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. அதில் ஆஸ்பெர்கர் என்ற தனிப் பெயர் போய், ஆட்டிசம் நிறமாலைக்குள் சேர்ந்துவிட்டது. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரினியாவைப் பாரனாய்டு, கேட்டடோனிக் என்று வகை பிரித்ததையும் எடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். இதற்கெல்லாம் முந்தைய புத்தகம் கையில் இருந்தால், டாக்டர் எழுதியது ஒன்றும் புத்தகம் சொல்வது ஒன்றுமாக இருக்கும்; வீட்டில் தேவையில்லாத பீதி.

பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவென்யூ ரோட்டில் மருத்துவ மாணவர்கள் விற்றுவிட்டுப் போன பாடநூல்கள் மலிவாகக் கிடைக்கும். நீரஜ் அஹூஜா எழுதிய மனநல மருத்துவச் சுருக்கப் பாடநூல் எளிமையானது, நல்லதுதான்; ஆனால் அதன் ஏழாம் பதிப்பு 2011இல் வந்தது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். அதைவிட ஆபத்து 1950கள், 60களின் புத்தகங்கள். ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அம்மாவின் வளர்ப்பே காரணம் என்று எழுதிய காலம் அது. ஆட்டிசத்துக்கு அம்மாவின் பாசமின்மையே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் முழுப் புத்தகமே எழுதினார். இரண்டும் எப்போதோ கைவிடப்பட்ட கருத்துகள். ஏற்கெனவே ஊரும் உறவும் அம்மாவைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிற நம் வீடுகளுக்குள் இந்தப் புத்தகங்கள் நுழையவே கூடாது.

அடுத்து மருந்துப் பக்கம். என் பார்வையில் ஒரு புத்தகத்தின் தரம் இங்கேதான் தெரியும். மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். குமட்டல், தூக்கக் கோளாறு போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். இந்த முன்பின்னைச் சொல்லாத புத்தகத்தைப் படித்தவர், பத்தாம் நாள் ‘இது நமக்கு ஒத்துக்கலை’ என்று நிறுத்திவிடுவார். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

சில காலம் மிகையான உற்சாகம், சில காலம் மனச்சோர்வு என்று மாறிவரும் இருமுனைக் கோளாறு என்றால், அதற்குத் தரும் லித்தியம் மருந்து பற்றிய பகுதியைப் பாருங்கள். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தாலோ, சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை போட்டாலோ லித்தியம் அளவு ஏறி நஞ்சாகலாம். பிரஷருக்காக வீடு மொத்தமும் உப்பைக் குறைக்கிற குடும்பத்துக்கு இந்த ஒரு வரி உயிர் காக்கும். ‘லித்தியம் மனநிலையைச் சீராக்கும்’ என்பதோடு முடித்துக்கொள்ளும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள்.

மின்னதிர்வு சிகிச்சைக்கும் ஒரு பக்கம் இருக்கும். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், அவை இல்லாமல் செய்வதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று இருந்தால் நல்ல அடையாளம். கைகால் கட்டி ஷாக் கொடுப்பதாக எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் சினிமா பார்த்து எழுதியிருக்கிறார். தற்கொலை பற்றிய அத்தியாயத்தில் வழிமுறைகளை விவரித்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்கிற குடும்பத்துக்கு வாங்குவதானால் இன்னொன்று. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழு தொடங்கிவைத்த ஆய்வுகள், ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய தலையீடு உள்ள வீடுகளில் ஸ்கிசோஃப்ரினியா திரும்ப வருவது அதிகம் என்று காட்டின. அம்மாதான் நோயைக் கொண்டுவந்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நோய் வந்த பிறகு வீட்டுப் பேச்சை எப்படி மாற்றுவது என்பது பற்றியது இது. நல்ல புத்தகம் இதைக் குற்றம் சாட்டாமல், எப்படிப் பேசலாம் என்ற உதாரணங்களோடு சொல்லும்.

பொதுவான உளவியல் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவற்றில்தான் பழைய முடிவு மீண்டும் கிடைத்தது. உளவியலாளர் டேனியல் கானமன் 2011இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் ‘பிரைமிங்’ (சற்றுமுன் கண்ட சொல்லோ படமோ நமக்குத் தெரியாமலே நம் நடத்தையை மாற்றும் என்ற கருத்து) பற்றிய அத்தியாயம் பலவீனமான ஆய்வுகளை நம்பி எழுதப்பட்டது என்று அவரே 2017இல் ஒப்புக்கொண்டார். அதற்காக நான் அவரை மேலும் மதிக்கிறேன். இந்தச் சர்ச்சை எதுவும் நடக்காத மாதிரி எழுதும் புதிய புத்தகங்கள் எனக்கு வேண்டாம்.

தன் நோயைத் தானே எழுதியவர்களில் இருமுனைக் கோளாறு உள்ள கே ரெட்ஃபீல்ட் ஜாமிசனின் 1995 புத்தகமான ‘An Unquiet Mind’ஐத் தயங்காமல் சொல்வேன். உளவியலாளரும் மனநல மருத்துவத் துறைப் பேராசிரியருமான அவரே லித்தியத்தை நிறுத்தி நிறுத்தி அவதிப்பட்டதை மறைக்காமல் எழுதியிருப்பார். ஆனால் அவை அமெரிக்க அனுபவங்கள். நம் ஊரில் அண்ணியும் பாட்டியும் ஏற்கிற பாரம் அங்கே வராது. அதற்கு ஜெர்ரி பிண்டோவின் 2012 நாவல் ‘Em and the Big Hoom’ இருக்கிறது. மும்பையில் ஒரு சின்ன ஃப்ளாட், நோயுற்ற அம்மா, பிள்ளைகள்.

காசே செலவழிக்காமல் தொடங்க வேண்டுமா? என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் பாடநூலில் நான்காம் பாடம் மனநோய்கள், ஐந்தாம் பாடம் சிகிச்சை முறைகள். இணையத்தில் இலவசம், எளிய ஆங்கிலம். வீட்டில் ஒருவர் படித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லலாம். அடுத்த படி, மனநல மருத்துவர் இல்லாத இடங்களில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்களுக்காக மனநல மருத்துவர் விக்ரம் படேல் எழுதிய ‘Where There Is No Psychiatrist’ கையேடு. 2018இல் வந்த இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். டிஎஸ்எம்மை மட்டும் வீட்டுக்கு வாங்காதீர்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம் என்று அதில் இருப்பதை யாரும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அது அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்கியிருக்கிறது, வேறு உடல்நோய் காரணமா என்று பிரித்துப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. படிக்கும்போது சந்தேகம் வந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓபியில் நேரம் குறைவு. மூன்று கேள்விக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், மருந்து பற்றிய கேள்வியை முதலில் கேளுங்கள். அடுத்த தேதி வரை காத்திருக்க முடியாத சந்தேகமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.