ரைட்டர்ஸ் பிளாக்கில் நானும் மூன்று வருஷம் குடியிருந்தேன்

சனிக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்தது இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வராதவர்களுக்கு வீடியோ போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கே நான்கு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள், நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாமல்.

எழுத உட்கார்ந்தும் எழுத்து வராமல் அடைத்துக்கொள்வதைத்தான் ரைட்டர்ஸ் பிளாக் என்கிறோம். இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் பிளாக் என்றுதான் பேர். "ரைட்டர்ஸ் பிளாக்கா? அது எந்தப் பேட்டையில இருக்கு, எத்தனை அறை வீடு?" என்று எழுத்தாளர் அண்ணன் ஒருவர் மேடையில் கேட்டார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான். அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

விடவில்லை. "வீட்டுத் தவணை கட்ட வரலைன்னு யாராவது சொல்றீங்களா? எழுத மட்டும் வரலையாம். சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு" என்றார். அப்போது அவர் பார்வை எந்தப் பக்கம் போனது என்பது வீடியோவில் இல்லை. மூன்றாவது வரிசைக்குத் தெரியும்.

அண்ணே, என் வீவக வீட்டுத் தவணை, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கானது, சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியிலிருந்து தானாகவே போய்விடுகிறது. கதைக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே சேர்ந்துவிடுகிறேன்.

எழுத முடியாமல் போவது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறிக்குச் சும்மா இருப்பது சுகம். எழுத வராதவளுக்கு அந்தச் சுகமும் கிடையாது. மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், காலையில் லேப்டாப்பைத் திறப்பேன். ஒரு வரி தட்டுவேன், அழிப்பேன், அதே வரியை வேறு மாதிரி தட்டி மறுபடி அழிப்பேன். மதியச் சாப்பாட்டுக்கு மூடி வைப்பேன். அந்த நேரம் தூங்கியிருந்தால் உடம்புக்காவது ஆகியிருக்கும்.

2021-இல் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் இரங்கல் உரை மாதிரியே வந்தது. கீழ்த்தளத்துப் பூனையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அதுவும் இரங்கல் உரை. பூனை இன்னும் உயிரோடு இருக்கிறது.

"தினமும் உட்கார்ந்தா தானா வரும்" என்று இன்பாக்ஸில் ஒருவர். ஜோசப் மிட்செல் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார், நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதியவர். 1964-க்குப் பிறகு அவர் புதிதாக எழுதிய ஒன்றுகூட அதில் வரவில்லை. ஆனால் 1996-இல் சாகும்வரை ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். போய் உட்காருவார், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புவார். முப்பது வருஷத்துக்கு மேல். இவரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள், சோம்பேறி என்றா?

சரி, ஒழுங்கு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. துணி மடிக்கும் விஷயத்தில் நான் சோம்பேறிதான், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் என்னை நிறுத்தி வைத்ததே ஒழுங்குதான் என்றால் நம்புவீர்களா? மைக் ரோஸ் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் பத்து மாணவர்களிடம் பேசிப் பார்த்து 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து பேருக்கு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, ஐந்து பேருக்கு அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்தவர்களிடம் விதிகள் இறுகிப்போயிருந்தன. முதல் பத்தி கச்சிதமாக வராமல் அடுத்ததற்குப் போகக் கூடாது, அந்த மாதிரி. பத்துப் பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் மேசைக்கு மேலே நின்று யாரோ எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. முதல் வரியிலேயே போட்டி நடுவர் நிமிர்ந்து உட்கார வேண்டும், ஒரு ஆங்கிலச் சொல் வரக் கூடாது, பழைய பாணி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நானும் அப்படித்தான் போட்டித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். விதிகளை எங்கே கற்றேன் என்று கேட்காதீர்கள். இதே மாதிரி மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்துதான்.

அப்புறம் எப்படி வந்தது? போன தீபாவளிக்கு முன்னால் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு கோங் குவான் பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே அப்பாவின் 555 நோட்டுகள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1968-இல் பிரிட்டிஷ் கடற்படைப் பட்டறை கைமாறியபோது அப்படியே இந்தப் பக்கம் வந்தவர்களில் ஒருவர். வரவு செலவுதான் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பிரித்தேன். பெரும்பாலும் அதுதான். ஓவர்டைம் 4 மணி. அரிசி 10 கிலோ. சின்னவளுக்குக் காலணி. நடுவே ஒரு பக்கத்தில், பென்சிலில்: "மீன்குழம்பு. உப்பு அதிகம். சொல்லவில்லை."

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவர் போன பிறகு அவரை நினைத்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு பக்கத்தில், "லைன் வீட்டுக்காரர் ஊருக்குப் போனார். திரும்பவில்லை." அவ்வளவுதான். யார் அவர், ஏன் திரும்பவில்லை? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசை வந்திருந்தது. நடுவர் நினைப்பே வரவில்லை.

மறுநாள் பிளாக்குக்குக் கீழே மாமா கடை என்கிற பெட்டிக்கடையில் ஒரு 555 வாங்கினேன். எனக்கு வேலை துவாஸில், வீடு ஈசூனில். எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உட்கார இடம் கிடைத்தால் எழுதுவேன், கிடைக்காவிட்டால் கதவோரம் சாய்ந்துகொண்டு. கிராஞ்சி ஸ்டேஷன் வந்ததும் நிறுத்திவிடுவேன், வாக்கியம் பாதியில் நின்றாலும். அங்கிருந்து யூ டீ வரை வெளியே பச்சை, அதைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் பத்து வரிதான் கொள்ளும். பத்து வரியில் இலக்கியம் படைக்க முடியாது என்பதே பெரிய நிம்மதி. ஒரு நாள் ரயில் ஆட்டத்தில் கையெழுத்து கோணி, நானே எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை. சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை.

"இது டைரி, எழுத்தா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தேடவும் போவதில்லை.

"ஒரு ஜோக்கை இவ்வளவு பெரிசாக்கணுமா?" என்று பக்கத்தில் இருந்த தோழியே கேட்டாள். ஆக்கணும். அண்ணனுக்குப் பன்னிரண்டு புத்தகம். நல்ல புத்தகங்கள், இரண்டை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அவர் எழுத உட்காரும்போது அறைக் கதவு சாத்தியிருக்கும், தேநீர் உள்ளே வரும் என்று அவரே ஒரு பேட்டியில் பெருமையாகச் சொன்னார். தேநீர் கொண்டு வந்தவருக்கும் எழுத ஏதாவது இருந்ததா என்று பேட்டி எடுத்தவரும் கேட்கவில்லை. நான் பெண்ணியம் பேச வரவில்லை. சாத்துவதற்குக் கதவே இல்லாதவர்களைப் பார்த்து ஏன் நடக்கவில்லை என்று கேட்காதீர்கள் என்கிறேன். சிறுகதை எழுத்தாளர் மௌனி மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள்தான் எழுதினார். அவர் காலத்தில் இந்தக் கூட்டம் நடந்திருந்தால் அவரும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இந்த ஊரில் தமிழில் எழுதுகிறவர்களை ஒரு எம்ஆர்டி பெட்டியில் ஏற்றிவிடலாம். அதிலும் ஒருத்தி சத்தமில்லாமல் இறங்கிப்போனால், என்ன ஆச்சு என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா? மூன்று வருஷத்தில் என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிளை நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அக்கா. இன்னொருவர் அம்மா.

அம்மாவிடம் அந்தப் பென்சில் பக்கத்தை இன்னும் காட்டவில்லை. காட்டலாமா என்று யோசனையாக இருக்கிறது. எழுபத்தைந்து வயதிலும் அவர் மீன்குழம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. நேற்றும் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். சொல்லவில்லை.