வீட்டைப் பார்க்கும் முன் பஸ் அட்டவணையைப் பாருங்கள்

லண்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாடகை கொடுத்து மாளாமல், பிள்ளைகளோடு இங்கிலாந்தின் கிராமப்புறம் எங்காவது போய்விடலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் சமீப காலமாக என்னிடம் நிறையவே கேட்கிறார்கள். கேட்கும்போதே ஒரு வீட்டின் படத்தையும் அனுப்பிவிடுகிறார்கள். கல் சுவர், கொல்லையில் ஆப்பிள் மரங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் செம்மறி ஆடுகள். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் கவுண்டியின் (மாவட்டத்தின்) தென்பகுதியில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இந்த ஆசையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எதை முதலில் தேர்ந்தெடுப்பது, எதைப் பின்னால் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. வீடு கடைசியில் வர வேண்டும். ஊர் முதலில் வர வேண்டும். அந்த ஊரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெற்றோரின் காரை எதிர்பார்க்காமல் பள்ளிக்கும் நூலகத்துக்கும் நண்பர் வீட்டுக்கும் தானாகப் போய்வர முடியுமா என்பதே.

குடிபெயர்வோர் பெரும்பாலும் மூன்று, ஐந்து வயதுக் குழந்தைகளோடு வருகிறார்கள். அந்த வயதுக்குக் கிராமத்தைவிட நல்ல இடம் கிடையாது. நூறு பிள்ளைகள்கூட இல்லாத தொடக்கப்பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். தலைமை ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர்சொல்லிக் கூப்பிடத் தெரியும். பள்ளி விட்டதும் ஓடி விளையாடத் திடல் இருக்கும். இந்த மகிழ்ச்சியிலேயே வீட்டை வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கு பதினொரு வயதானதும் நிலைமை தலைகீழாகிறது. உயர்நிலைப்பள்ளி எட்டு மைலோ பத்து மைலோ தள்ளியிருக்கிறது. பள்ளி முடிந்தபின் நடக்கும் நாடகப் பயிற்சிக்கோ கிரிக்கெட்டுக்கோ நின்றால் திரும்பிவர வண்டி இல்லை. தோழியின் பிறந்தநாள் விழா இன்னொரு பள்ளத்தாக்கில் நடக்கிறது. இந்த நாட்டில் கார் ஓட்டிப் பழகவே 17 வயதாக வேண்டும் என்பதால், அதுவரைக்கும் பெற்றோர் இருவரில் ஒருவர் முழுநேர ஓட்டுநர்தான். அதைவிட வருத்தமானது, தன் விருப்பப்படி எங்கும் போக முடியாத அந்த ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் அறைக்குள்ளேயே ஒடுங்கிப்போவது. அப்படி ஒடுங்கிய பிள்ளைகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியின் ஒரு சிற்றூரில், தேவாலயத்துச் சுவரை ஒட்டி ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் செருகியிருக்கும் அட்டவணையின் ஓரங்களில் பாசி படர்ந்திருக்கும். நெருங்கிப் போய் வாசித்தால் இரண்டே வரிகள்தான். செவ்வாயும் வெள்ளியும், காலை பத்து மணிக்குச் சற்று முன் ஒரு பஸ் சந்தைக்குப் புறப்படுகிறது. பகல் ஒன்றரைக்கு அதே பஸ் திரும்பி வருகிறது. பள்ளி மாணவருக்கோ வேலைக்குப் போகிறவருக்கோ இதனால் எந்தப் பயனும் இல்லை. ஒருவழிப் பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜனவரி முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான், ஆனால் பஸ்ஸே வராத ஊருக்கு அதனால் என்ன லாபம்? வீட்டு விளம்பரத்தில் 'பஸ் வசதி உண்டு' என்று கண்டால், நேரில் போய் அந்தக் கம்பத்தருகே நின்று வாசியுங்கள்.

ஆகவே என் பரிந்துரை, வாரச்சந்தை கூடும் சிறுநகரம். இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுண்டியிலும் இத்தகைய ஊர்கள் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஊராக இருந்தாலும், சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு அதுதான் கடைத்தெரு, மருத்துவர், உயர்நிலைப்பள்ளி, நீச்சல்குளம் எல்லாம். இருபது நிமிடம் நடந்தால் வயல் வந்துவிடும். ரயில் நிலையமும் இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும்! எங்கள் பகுதியின் லட்லோவில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஹெரிஃபர்டு, எதிர்த்திசையில் அதே அளவு நேரத்தில் ஷ்ரூஸ்பரி. மால்வெர்ன் மலைகளுக்கு மேற்கே உள்ள லெட்பரியிலிருந்து பர்மிங்காமுக்கு நேரடி ரயில் உண்டு. நார்ஃபோக்கின் டிஸ் நகரம் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவுதான். வடக்கே ஹெக்சம் நகருக்கு 1835-இலேயே ரயில் நிலையம் வந்துவிட்டது. இன்றும் அங்கிருந்து நியூகாசில் போய் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரைபடத்தில் அழகாகத் தெரியும் எல்லாச் சிறுநகரங்களுக்கும் இந்த வசதி இல்லை. 1963-இல் வெளிவந்த, ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங்கின் அறிக்கை 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. அந்தப் பத்தாண்டில் கிராமப்புறத்தின் ரயில் பாதைகள் வரிசையாகப் பிடுங்கப்பட்டன. வை நதிக்கரையில் ராஸ் ஆன் வை என்ற மிக அழகிய ஊர் இருக்கிறது. அங்கு 1964-இல் நின்றுபோன பயணிகள் ரயில் திரும்ப வரவேயில்லை. டெவனில் உள்ள ஓக்ஹாம்டனுக்கு 2021 நவம்பரில் எக்ஸிட்டரிலிருந்து அன்றாட ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இதையெல்லாம் விசாரிக்காமல், கவுண்டியின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பள்ளி விஷயத்தில் நம்மவர்கள் எல்லோரும் தரமதிப்பீட்டைப் பார்க்கிறார்கள். போக்குவரத்து விதியை யாரும் பார்ப்பதில்லை. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, பொருத்தமான மிக அருகிலுள்ள பள்ளி 2 மைலுக்கு அப்பால் இருந்தாலும், எட்டும் அதற்கு மேலும் வயதான பிள்ளைக்கு 3 மைலுக்கு அப்பால் இருந்தாலும், உள்ளாட்சிக் கவுன்சில் இலவசமாகக் கூட்டிச்செல்ல வேண்டும். இதில் 'மிக அருகிலுள்ள' என்ற சொல்தான் குடும்பங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அருகில் இருக்கும் பள்ளியை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளியுள்ள நல்ல பெயரெடுத்த பள்ளியை நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தால், இடம் கிடைத்தாலும் பொதுவாக வண்டி கிடைக்காது. பிற்பாடு ஆண்டுக்கணக்கில் நீங்களே கொண்டுபோய் விட வேண்டும். இன்னொன்றும் உண்டு. 18 வயதுவரை கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் 16 வயதுக்குப் பின் இலவசப் பயணத்துக்கு அதே உத்தரவாதம் கிடையாது. கிராமப்புற உயர்நிலைப்பள்ளிகள் பலவற்றில் 16-க்குமேல் வகுப்புகளும் இல்லை. ஏ லெவல் என்ற மேல்நிலைப் படிப்புக்குப் பக்கத்து நகரத்துக்குப் போகும்போது ரயில் நிலையத்தின் அருமை தெரியும். அத்தகைய வகுப்பு இல்லாத ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் ஹெரிஃபர்டு கல்லூரிக்குக் காலை ரயிலில் சேர்ந்து போகும் மாணவர் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் பெற்றோர் எத்தனை ஆயிரம் மைல் வண்டி ஓட்டுவதிலிருந்து தப்பித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளியான கிராமர் பள்ளிக்காகவே இடம்பெயரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் ஆகிய கவுண்டிகளில் பதினொரு வயதுத் தேர்வு இன்னும் பரவலாக நடக்கிறது. லிங்கன்ஷயரில் ஸ்லீஃபர்ட், போர்ன், லௌத், ஹார்ன்காசில் போன்ற சிறுநகரங்களிலேயே கிராமர் பள்ளிகள் இருப்பதால், அங்கு வீட்டு விலையையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மூத்த பிள்ளை தேர்ச்சி பெற்று இளைய பிள்ளை பெறாமல் போனாலும் அந்த ஊரில் நிம்மதியாக வாழ முடியுமா என்று யோசியுங்கள். அங்குள்ள மற்றப் பள்ளியையும் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பிள்ளையின் வெற்றியை நம்பி மட்டும் ஊர் மாறுவது இளைய பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

மருத்துவ வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; வீட்டில் முதியவரோ ஆஸ்துமா உள்ள குழந்தையோ இருந்தால், அவசரசிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனை எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை இரவு நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். லட்லோவிலிருந்து ஹெரிஃபர்டு மருத்துவமனைக்கு ஏறத்தாழ 25 மைல், ஷ்ரூஸ்பரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 மைல். மருந்துக்கடை ஒரு மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் கிராமத்தாருக்கு மருத்துவரின் இடத்திலேயே மருந்து கொடுக்கும் ஏற்பாடு பல ஊர்களில் நன்றாகவே நடக்கிறது. பல் மருத்துவர்தான் பெரும்பாடு. என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் கணக்கில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்ற பதிலுக்குத் தயாராக வாருங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். முதலில் தண்ணீர். செவெர்ன், டீம் நதிகளின் கரையில் வீடு பார்ப்பவர்கள் டென்பரி வெல்ஸ் நகரத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 நவம்பரில் பெர்ட் புயலின்போது ஓடைக்கரைச் சுவர் இடிந்து கடைத்தெருவுக்குள் வெள்ளம் பாய்ந்தது. சாமர்செட்டின் தாழ்நிலங்கள் 2013–14 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நீரில் கிடந்தன. முகவரியைக் கொடுத்தால் ஆறு, கடல், மழைநீர் மூன்றினாலும் வரக்கூடிய வெள்ள அபாயத்தை அரசின் இணையதளம் இலவசமாகவே காட்டுகிறது. வீடு மேட்டில் இருந்தாலும், அதற்குப் போகும் சாலை மூழ்குமா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் காப்பீடு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க 2016-இல் தொடங்கிய ஃப்ளட் ரீ திட்டம் உதவுகிறது; 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகள் அதில் சேராது என்பதால், ஆற்றங்கரையில் பளபளவென்று நிற்கும் புதுவீட்டைக் கண்டால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

அடுத்தது கழிவுநீரும் வெப்பமும். பொதுச் சாக்கடை வராத வீடுகளில் செப்டிக் டேங்க் இருக்கும். அதன் நீரை ஓடையிலோ வாய்க்காலிலோ நேரடியாக விடுவது 2020 முதல் விதிமீறல். மாற்றியமைக்க ஆயிரக்கணக்கான பவுண்டுகள் ஆகும். வாங்கும் முன் அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது, நீர் எங்கே போகிறது என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எரிவாயுக் குழாய் இல்லாத ஊர்களில் தோட்டத்து மூலையில் பச்சை நிற எண்ணெய்த் தொட்டி நிற்கும். வழக்கமாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள் என்பதால், ஒரே தவணையில் பெரிய தொகையை எடுத்துவைக்க வேண்டும். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் விதிக்கும் விலை உச்சவரம்பு இந்த எண்ணெய்க்குக் கிடையாது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது வடக்கே சில கிராமங்களில் ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. விறகடுப்பு ஒன்று வீட்டில் இருந்தால் அதை அலங்காரமாக நினைத்து எடுத்துவிடாதீர்கள்.

காற்றையும் முகர்ந்து பாருங்கள் என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். ஹெரிஃபர்ட்ஷயரிலும் ஷ்ராப்ஷயரிலும் பெரிய கோழிப்பண்ணைகள் ஏராளம்; அவற்றின் எரு வை நதியைக் கெடுப்பது குறித்து ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடக்கிறது, 2023-இல் அந்த நதியின் நிலை மேலும் சரிவதாக அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தே அறிவித்தது. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பது ஒரு நாள் போய்வந்தால் தெரியாது.

கடலோர அழகூர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் மக்கள், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவுசெய்தார்கள். விடுமுறை வீடுகள் ஊரையே விழுங்கிவிட்டதால் எழுந்த தற்காப்பு அது. அத்தகைய ஊர்களில் ஜனவரி மாதத்து மாலையில் தெரு முழுக்க நடந்து, எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். விளக்கு எரியாத வீடுகளில் உங்கள் பிள்ளையோடு விளையாட யாரும் இல்லை.

நம்மவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், வகுப்பில் உங்கள் பிள்ளை மட்டுமே பழுப்பு நிறத்தவராக இருக்கக்கூடும். எங்கள் அனுபவத்தில் ஊரார் அன்போடுதான் நடந்துகொண்டார்கள், ஆனால் அன்பு இருப்பதாலேயே தனிமை இல்லாமல் போய்விடாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு பக்கத்தில் இருக்காது. பர்மிங்காம் அருகே டிவிடேலில் உள்ள பாலாஜி கோயிலுக்கு இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். சுகாதாரத்துறையில் வேலை செய்யும் மலையாளிக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் மாவட்ட மருத்துவமனை உள்ள நகரங்களைச் சுற்றி வாழ்கின்றன. ஹெரிஃபர்ட், கிங்ஸ் லின், பார்ன்ஸ்டபிள் போன்ற அந்த நகரங்களிலிருந்து ரயிலிலோ அரை மணி நேரக் காரிலோ எட்டும் ஊரைத் தேர்ந்தெடுத்தால், பொங்கலுக்குக் கூடிச் சமைக்க நாலு வீடாவது கிடைக்கும். இது பள்ளிக்கு அடுத்தபடியான முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முடிந்தால் முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள். அதற்கு வழியில்லை என்றால் பிப்ரவரியில், மழை பெய்யும் வேலைநாள் ஒன்றில் போய்ப் பாருங்கள். மே மாதத்தில் இங்கிலாந்தின் எந்தக் கிராமமும் மனதை மயக்கிவிடும். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் உயர்நிலைப்பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. தொடக்கப்பள்ளிக்கு ஜனவரி 15. அந்தத் தேதிகளில் உங்கள் முகவரி எதுவோ, பெரும்பாலும் அதை வைத்துத்தான் கவுன்சில் இடம் ஒதுக்கும் என்பதால், அதற்கு முந்தைய கோடையிலேயே ஊரை முடிவுசெய்துவிட வேண்டும். குறிப்பிட்ட ஊர் பற்றிக் கேட்பவர்கள், பிள்ளைகளின் வயதையும் நீங்கள் வேலைக்குப் போக வேண்டிய நகரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஊராக இருந்தால் நிச்சயம் பதில் எழுதுவேன்.