பாண்டிங் என்றால் மட்டும் எல்லோருக்கும் இளக்காரம்

ஆஸ்திரேலிய கிரிக்கெட் கேப்டனாக இருந்த ரிக்கி பாண்டிங் கோப்பை ஜெயித்ததெல்லாம் டீம் பலத்தால்தான் என்று கிண்டலடிக்கும் மீமில் நேற்றிலிருந்து என்னை டேக் செய்தே உயிரை எடுக்கிறீர்கள். 'அந்த டீம் இருந்தா எங்க தெரு வாட்ச்மேன்கூட கப் அடிப்பார்.' சிரித்து முடித்தாச்சா? சரி, இப்போது நான் பேசலாமா?

பாண்டிங் கையில் யாரும் கோப்பையை வைத்துத் தரவில்லை. 2003 உலகக் கோப்பையில் ஒரு பந்துகூட வீசாமல் அவருடைய முக்கிய சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் ஊக்கமருந்து விவகாரத்தில் ஊர் திரும்பினார். பாகிஸ்தானோடு முதல் மேட்ச், 86க்கு 4 விக்கெட். அப்போது இறங்கிய சைமண்ட்ஸ், 'இவர் எதற்கு டீமில்?' என்று எல்லோரும் கேட்டபோது பாண்டிங் அடம்பிடித்துக் கூட்டிவந்த ஆள். 143 நாட் அவுட். நடுவில் வேகப்பந்து வீச்சாளர் கில்லெஸ்பியும் காயம். ஆனாலும் 11 மேட்ச்சுக்கு 11 ஜெயித்தார்கள். 2007 உலகக் கோப்பையில் வேகப்பந்து வீச்சாளர் பிரெட் லீ இல்லாமல் மறுபடி 11க்கு 11. வாட்ச்மேன் அடிப்பாராம்!

இந்தியாவோடு ஆடிய அந்த 2003 ஃபைனலை அத்தை வீட்டு ஹாலில் கூட்டத்தோடு பார்த்தேன். 2001ல் இங்கே டெஸ்ட் ஆட வந்து அஞ்சு இன்னிங்ஸில் மொத்தம் 17 ரன் எடுத்தவர் பாண்டிங். அஞ்சு தடவையும் அவுட்டாக்கியது ஹர்பஜன். அதே ஹர்பஜனை அன்று மிட்விக்கெட் பக்கம் சிக்ஸர் தூக்கினார். என்னையறியாமல் 'ஷாட்!' என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு முறுக்குத் தட்டு என்னைத் தாண்டியே போனது. மறுநாள் தெருவெல்லாம் ஒரே பேச்சு: பேட்டுக்குள் ஸ்பிரிங்காம், மேட்ச்சைத் திரும்ப நடத்தப்போகிறார்களாம். 140 அடித்தவனைப் பாராட்ட மனசு வராமல் ஸ்பிரிங் தேடிய அதே கூட்டம்தான் இன்று மீம் போடுகிறது.

உடனே 'மூணு ஆஷஸ் (இங்கிலாந்தோடு ஆடும் டெஸ்ட் தொடர்) தோத்தாரே' என்று வருவீர்கள். 2005 எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் முக்கிய பவுலர் மெக்ராத் கால் பிசகிய காலையில் டாஸ் ஜெயித்தும் பவுலிங் எடுத்தது தப்பு, மேட்ச் 2 ரன்னில் போச்சு. ஒத்துக்கொள்கிறேன். அடுத்த ஆஷஸில் 5-0 அடித்தது உங்கள் மீமில் வராது. 'சிட்னி 2008?' நம்மோடு ஆடிய டெஸ்டில் அம்பயர் தப்புத் தப்பாகத் தீர்ப்புச் சொன்னது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அம்பயர் செய்ததையெல்லாம் இவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

வார்ன், மெக்ராத், கில்கிறிஸ்ட், ஹெய்டன் எல்லோரும் ஓய்வுபெற்ற பிறகு, 2009ல் தென்னாப்பிரிக்காவுக்கே போய் டெஸ்ட் தொடரை 2-1 என ஜெயித்தாரே, அது எந்த டீம்? அதே வருஷம் சாம்பியன்ஸ் டிராபியும் வந்தது. டெஸ்டில் 48 வெற்றி. வேறெந்த ஆஸ்திரேலிய கேப்டனுக்கும் அவ்வளவு கிடையாது.

2011 உலகக் கோப்பையில் அகமதாபாத்தில் நம்மிடம் தோற்றபோதும் 104 அடித்தார். அப்புறம் கேப்டன் பதவியை விட்டுவிட்டு, தனக்குக் கீழே ஆடிய கிளார்க்கின் கீழ் சாதாரண பேட்ஸ்மேனாக ஆடினார். அடுத்த ஜனவரியில் அடிலெய்டில் நமக்கெதிராகவே 221. நம்ம ஆள் இதைச் செய்திருந்தால் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றியிருப்போம். இவர் ஆஸ்திரேலியாக்காரர், அதனால் திமிர் பிடித்தவர். அப்படித்தானே?

கடைசியாக ஒன்று. 2025ல் பஞ்சாப் ஐபிஎல் ஃபைனலுக்கு வந்தபோது 'பாண்டிங் கோச்சா வந்தா சும்மாவா' என்று ஸ்டேட்டஸ் போட்டவர்களும் நேற்று டேக் செய்த லிஸ்டில் இருக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.